பரோக் ஆர்கெஸ்ட்ரா மியூசிக் எங்கேந்து ஆரம்பிக்கறது? எல்லாமே ஒரே மாதிரி கேக்குது

கெடிலக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். நான் கடலூர் மஞ்சக்குப்பம், வேலை பாண்டில. தினமும் பஸ்தான், அரியாங்குப்பம் டிராஃபிக் புண்ணியத்துல ஹெட்போன் போட்டு பாட்டு கேக்க நேரம் நெறையவே கெடைக்கும். ராஜா வெறியன். 1986ல வந்த ஹவ் டு நேம் இட் ஆல்பத்த தேய தேய கேட்டவன், அதை தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம் பண்ணிருக்காருன்னு தெரிஞ்சதும் சரி இந்த பாக் ஆளு யாரு, அவர் காலத்து மியூசிக் எப்பிடி இருக்கும்னு கெளம்பினேன். யூடியூப்ல பெஸ்ட் ஆஃப் பரோக்னு மூணு மணி நேர வீடியோ ஒன்னு மாட்டுச்சு. விவால்டியோட ஃபோர் சீசன்ஸ் ஆரம்பம் தெரியும், கஸ்டமர் கேர்ல ஹோல்டுல போடுவாங்களே அது. அதுக்கு மேல போனா வயலின் நிக்காம ஓடிகிட்டே இருக்கு, எல்லாமே ஒரே மாதிரி, பீத்தோவன் சிம்பொனில வர்ற மாதிரி ஏறி எறங்கி நெஞ்ச புடிக்கற எடம் எதுவுமே சிக்கல. பின்னாடி டொய்ங் டொய்ங்னு கம்பிய சுண்டுற மாதிரி ஒரு சத்தம் எல்லாத்துலயும் வருது, அது என்னது? அப்பறம் வீடியோல பாத்தா கண்டக்டரே இல்ல, யாரு யாருக்கு சிக்னல் குடுக்கறாங்கன்னே புரியல.

வீட்ல கீபோர்டு இருக்கு, நோட்டேஷன் தடவி தடவி படிப்பேன். எதை கேக்கணும்னு மட்டும் சொல்லாதீங்க, கேக்கும்போது எதை கவனிக்கணும்னு சொல்லுங்க. விக்கிபீடியா லிங்க் வேணாம், படிச்சாச்சு.

முத்தியால்பேட்டை வயலின்:

தம்பி, மொதல்ல அந்த மூணு மணி நேர வீடியோவ மூடுங்க. பரோக்னா சுமாரா 1600லேந்து 1750 வரைக்கும், நூத்தம்பது வருஷம். இத்தாலி, பிரான்ஸ், ஜெர்மனி, இங்கிலாந்துன்னு ஆளாளுக்கு ஒரு வழி. அதுலேந்து படிக்கும்போது ஓட விடறதுக்குன்னு அடக்கமான துண்டா பொறுக்கி ஒட்டி வெச்சா எல்லாமே ஒன்னாதான் கேக்கும்.

ஏறி எறங்கலன்னு சொன்னீங்க பாருங்க, அது உங்க காது சரியா கேட்டிருக்குன்னுதான் அர்த்தம். பீத்தோவன் ஒரே மூவ்மென்ட்டுக்குள்ள, அதாவது பீஸோட ஒரு பாகத்துக்குள்ள, கோவம், ஏக்கம், ஜெயிச்ச சந்தோஷம்னு மாத்திகிட்டே போவார். பரோக்ல பெரும்பாலும் ஒரு மூவ்மென்ட்டுக்கு ஒரே பாவம்தான், என்ன நடைல எடுக்கறாங்களோ அதே நடைல கடைசி வரைக்கும் போகும். மூட் மாறணும்னா அடுத்த மூவ்மென்ட் வரணும். வேகம், விளம்பம், திரும்ப வேகம்னு மூணு பாகம் வெக்கறத விவால்டி கிட்டத்தட்ட சட்டமாவே ஆக்கிட்டார், ஆளு ஐநூறு கான்சர்ட்டோ (சோலோ வாத்தியமும் குரூப்பும் மாறி மாறி வாசிக்கற பீஸ்) கணக்குல எழுதினவர். அதனால ஒரு மூவ்மென்ட்டுக்குள்ள திருப்பம் தேடாதீங்க, மூணையும் சேத்து கேட்டாதான் எங்க வெளிச்சம் எங்க இருட்டுன்னு தெரியும்.

அந்த டொய்ங் சத்தம் ஹார்ப்சிகார்ட். பாக்க பியானோ மாதிரி இருக்கும் ஆனா உள்ள சுத்தி அடிக்காது, பறவை இறகோட தண்டுல சீவின சின்ன முள்ளு ஒன்னு கம்பிய மீட்டும். கட்டைய ஓங்கி அழுத்தினாலும் மெதுவா அழுத்தினாலும் சத்தம் கிட்டத்தட்ட ஒன்னுதான். அந்த ஹார்ப்சிகார்டும் கூட ஒரு செல்லோவும் சேந்து கீழ போடற லைனுக்குதான் கன்டின்யுவோன்னு பேரு, இந்த காலத்து மியூசிக்குக்கு அஸ்திவாரமே அதுதான். இதுல ரசிக்கற விஷயம் என்னன்னா ஹார்ப்சிகார்ட் ஆளுக்கு முழு நோட்ஸ் எழுதி குடுக்க மாட்டாங்க. இடது கைக்கு பேஸ் லைன் மட்டும் இருக்கும், அதுக்கு மேலயோ கீழயோ 6, 7, 4 3ன்னு நம்பர் போட்டிருக்கும். அந்த நம்பர பாத்து வலது கைல என்ன கார்டு (ஒன்னா சேந்து ஒலிக்கற சுரங்கள்), எப்பிடி பிரிச்சு போடறதுன்னு வாசிக்கறவர் அந்த நிமிஷமே முடிவு பண்ணிக்கணும். ஒரே பீஸ ரெண்டு குரூப் வாசிச்சா ரெண்டு மாதிரி இருக்கறதுக்கு இது ஒரு முக்கிய காரணம்.

நீங்க ராஜா ஃபேன்னா பேஸ் கிட்டார தனியா புடிச்சு கேக்கற பழக்கம் கண்டிப்பா இருக்கும். அந்த காத இங்க கொண்டாங்க. பாகெல்பெல் கேனன் தெரியும்ல? டி மேஜர்ல, அதாவது டிய ஷட்ஜமா வெச்சு சங்கராபரணத்துல, ஸ ப த க ம ஸ ம ப, இந்த எட்டு சுரம்தான் பேஸ், முழு பீஸும். இருவத்தெட்டு தடவ திரும்ப திரும்ப அதே எட்டு. மேல மூணு வயலினும் ஒரே மெட்டத்தான் ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் ரெண்டு பார் (நம்ம ஆவர்த்தனம் மாதிரி) தள்ளி எடுக்கறாங்க. கீபோர்டுல இடது கையால அந்த எட்ட மட்டும் போட்டுகிட்டே ரெக்கார்டிங்க ஓட விடுங்க, மேல நடக்கறது பூரா தானா பிரிஞ்சு கேக்கும்.

அது பழகினதும் கொரெல்லிங்கற இத்தாலிக்காரர். ஓபஸ் 6, அதாவது அவரோட ஆறாவது தொகுப்பு, மொத்தம் பன்னெண்டு கான்சர்ட்டோ க்ரோஸ்ஸோ (சின்ன குரூப்பும் பெரிய குரூப்பும் மாறி மாறி வாசிக்கறது), அவர் போனதுக்கு அடுத்த வருஷம் 1714ல ஆம்ஸ்டர்டாம்ல அச்சாச்சு. அதுல எட்டாவது, கிறிஸ்துமஸ் கான்சர்ட்டோ. ரெண்டு வயலின், ஒரு செல்லோ, இது சின்ன குரூப். மத்த எல்லாரும் பெரிய குரூப். எப்ப மூணு பேரு, எப்ப மொத்த பேரும், இத மட்டும் கவனிங்க, வேற ஒன்னும் வேணாம். சத்தம் கூடறது கொறையறது பெருசா இந்த ஆள் கூட்டி கொறைக்கறதுல நடக்கறதுதான். கடைசில வர்ற பாஸ்டொரேல்ல மேய்ப்பர்களோட பேக்பைப் சுருதி மாதிரி கீழ ஒரே சுரம் நின்னுகிட்டு இருக்கும், அது வந்ததும் உங்களுக்கே தெரியும்.

கண்டக்டர் விஷயம்: முதல் வயலின் வாசிக்கறவரோ ஹார்ப்சிகார்ட்ல உக்காந்தவரோதான் லீட். குச்சி புடிச்சு முன்னாடி நிக்கறது பெரும்பாலும் அதுக்கப்பறம் வந்தது. வில்ல பாருங்க, மூச்ச பாருங்க, சிக்னல் எல்லாம் அதுலதான்.

பழைய_ரெக்கார்டு:

வயலின் சார் சொன்ன விவரம் எல்லாம் சரி, வரிசைதான் எனக்கு ஒத்துவரல. புதுசா வர்ற ஆள கொரெல்லில எறக்கினா கன்னியக்கோயில் தாண்டறதுக்குள்ள பஸ்லயே தூங்கிடுவார். ராஜா வழியா வந்தவர ராஜா காட்டின வாசல் வழியாவே உள்ள கூட்டிட்டு போலாம்.

ப்ரோ, அந்த ஆல்பத்துல பாக்ங்கறவர வீட்ல சந்திச்சதா பேரு வெச்ச ஒரு டிராக் இருக்குல்ல, அதுல ஓடற வயலின் பாக்கோட மூணாவது பார்ட்டிட்டாவோட (நடன பீஸ்களோட தொகுப்பு) முதல் பகுதி, ப்ரெலூடியோ. அது ஒத்த வயலினுக்கு எழுதினது, ஆர்கெஸ்ட்ரா கெடையாது. ஆனா அதே பீஸ பாக் அப்பறமா 1731ல தூக்கி 29ஆம் நம்பர் கன்டாட்டாவுக்கு (சர்ச்சுல பாடற பீஸ்) சின்ஃபோனியாவா, அதாவது பாட்டுக்கு முன்னாடி வர்ற ஆர்கெஸ்ட்ரா பகுதியா மாத்தினார். வயலின் வாசிச்சத ஆர்கனுக்கு குடுத்துட்டு சுத்தி டிரம்பெட், டிம்பனி முரசு, ஓபோ குழல், ஸ்ட்ரிங்ஸ்னு எறக்கிட்டார். ரெண்டையும் அடுத்தடுத்து போட்டு கேளுங்க. ஒத்த லைன எப்பிடி ஆர்கெஸ்ட்ராவா விரிக்கறதுங்கறதுக்கு இத விட நல்ல பாடம் எனக்கு தெரிஞ்சு இல்ல, நாலு நிமிஷத்துல முடிஞ்சிடும்.

அடுத்து நேரா பிராண்டன்பர்க். ஆறு கான்சர்ட்டோ, 1721ல பிராண்டன்பர்க் கோமகன் ஒருத்தருக்கு அழகா கையால எழுதி அனுப்பினது. ஆறும் ஆறு விதம், எல்லாம் ஒரே மாதிரி இருக்குன்னு சொன்ன உங்களுக்கு இதுதான் மருந்து. மூணாவதுல மூணு வயலின், மூணு வயோலா, மூணு செல்லோ. ஆறாவதுல வயலினே கெடையாது, வயோலாவும் கீழ் ஸ்தாயி வாத்தியங்களும்தான். ரெண்டாவதுல டிரம்பெட் உச்சாணில நின்னு கத்தும், அதுவும் அந்த காலத்து டிரம்பெட்ல வால்வ் கெடையாது, எல்லா சுரமும் உதட்டாலயே புடிக்கணும். அதோட முதல் மூவ்மென்ட்தான் 1977ல வாயேஜர் விண்கலத்துல அனுப்பின தங்க ரெக்கார்டுல முதல் மியூசிக். அஞ்சாவதுதான் என் ஃபேவரிட். ஃப்ளூட், வயலின், ஹார்ப்சிகார்ட் மூணும் சோலோன்னு ஆரம்பிக்கும், ஹார்ப்சிகார்ட் எப்பவும் போல பின்னாடி டொய்ங் டொய்ங்னுதான் இருக்கும், போக போக கை நீளும், கடைசில எல்லாரும் நிறுத்திட்டு வேடிக்க பாக்க அது மட்டும் தனியா வெளுத்து கட்டும் பாருங்க. அதுவரைக்கும் பக்கவாத்தியமா இருந்தத மேடை நடுவுல உக்கார வெச்சதே இங்கதான்.

கேனன் பத்தி ஒன்னு சொல்லிடறேன். கல்யாண ரிசப்ஷன்ல வர்ற பஞ்சு மெத்த வெர்ஷன் கேக்காதீங்க. மூணு வயலின், கன்டின்யுவோ, அவ்ளோதான் ஒரிஜினல், கூடவே துள்ளிகிட்டு ஜீக்னு ஒரு நடன பீஸ் வரும், அத யாரும் வாசிக்கறதே இல்ல, எனக்கு அதுல ரொம்ப கடுப்பு.

சுண்ணாம்பாறு:

இதெல்லாம் விக்கு வெச்ச ராஜாக்கள் சோறு துன்னும்போது பின்னாடி வாசிச்சதுங்க. இதுக்கு போயி இவ்ளோ பில்டப்பா.

முத்தியால்பேட்டை வயலின்:

சாப்பாட்டு மியூசிக் இருந்துது, யாரு இல்லன்னா. டெலிமான்ங்கற ஜெர்மன் கம்போசர் 1733ல டாஃபல்மியூசிக்னே பேரு வெச்சு பெரிய தொகுப்பு போட்டார், முன்பணம் கட்டி வாங்கினவங்க லிஸ்ட்ல லண்டன்ல இருந்த கம்போசர் ஹேண்டல் பேரும் இருக்கு. ஆனா அது மட்டுமேன்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன். 1729லேந்து பாக் லைப்சிக்ல நடத்தின காலேஜியம் மியூசிகம்ங்கற மியூசிக் குழு, முக்கால்வாசி யுனிவர்சிட்டி பசங்க, வாராவாரம் வாசிச்சது ஸிம்மர்மான்ங்கற காபிக்கடைல. விவால்டி வேலை பாத்தது வெனிஸ்ல பியெட்டாங்கற ஆதரவில்லாத கொழந்தைங்க இல்லத்துல, அங்க வளந்த பொண்ணுங்கதான் அவரோட ஆர்கெஸ்ட்ரா. கிரில் மறைவுக்கு பின்னாடி நின்னு வாசிப்பாங்க, அத கேக்க ஐரோப்பா பூரா ஆளுங்க வந்தாங்க. அந்த விவால்டி 1711ல போட்ட லெஸ்ட்ரோ ஆர்மோனிக்கோங்கற கான்சர்ட்டோ தொகுப்ப பாக் ஜெர்மனில உக்காந்து காப்பி பண்ணி, நாலு வயலின் கான்சர்ட்டோவ நாலு ஹார்ப்சிகார்டுக்கு மாத்தி எழுதி கத்துகிட்டார். அந்த இல்லத்து பொண்ணுங்களுக்கு வாத்தியாரா இருந்தவர்கிட்டேந்து பாக் கத்துகிட்டார், இதுல எங்க சார் விக்கு.

தேவனாம்பட்டினம்84:

நான் மியூசிக் ஆளு இல்ல, ஹிஸ்டரி ஆளு. ஆனா இந்த த்ரெட்ல கடலூர்க்காரரும் பாண்டிக்காரரும் பேசும்போது ஒரு விஷயம் சொல்லாம போனா சரியா வராது.

ஹேண்டலோட மியூசிக் ஃபார் த ராயல் ஃபயர்வொர்க்ஸ்னு ஒன்னு இருக்கு, 1749 ஏப்ரல் 27, லண்டன் க்ரீன் பார்க். எதுக்கு வாணவேடிக்கைன்னா 1748ல ஏ-லா-ஷபேல்ல போட்ட சமாதான ஒப்பந்தத்துக்கு. அந்த ஒப்பந்தம் நம்ம ஊர் சண்டையும் சேத்ததுதான். 1746ல பிரெஞ்சுக்காரன் மெட்ராஸ புடிச்சிட்டான், இங்கிலீஷ்காரன் மூட்டைய கட்டிகிட்டு நம்ம தேவனாம்பட்டினம் செயின்ட் டேவிட் கோட்டைக்கு தலைமையிடத்த மாத்திட்டான். பாண்டி பிரெஞ்சு கவர்னர் டூப்ளே திரும்ப திரும்ப கடலூர் மேல பாஞ்சு பாத்தார், முடியல. 1748 ஆகஸ்ட்ல இங்கிலீஷ் அட்மிரல் பாஸ்கவன் இங்கேந்து பெரிய படையோட போய் பாண்டிய முற்றுகை போட்டார், மழை காலம் வரைக்கும் கெடந்துட்டு அக்டோபர்ல வெறுங்கையோட திரும்பினார். அப்பறம் அந்த ஒப்பந்தம், அதுபடி மெட்ராஸ் இங்கிலீஷ்காரன் கைக்கு திரும்பி வந்துது, வட அமெரிக்கால லூயிஸ்பர்க் பிரான்ஸுக்கு போச்சு. ஆனந்தரங்கப்பிள்ளை பாண்டில உக்காந்து டைரில முற்றுகைய எழுதிகிட்டிருந்த அதே வருஷம் பாக் லைப்சிக்ல உயிரோட இருக்கார். இது தெரிஞ்சப்பறம் ஃபயர்வொர்க்ஸ வெறும் டிரம்பெட் சத்தமா என்னால கேக்க முடியல, நீங்களும் ஒரு தடவ கெடிலம் முகத்துவாரம் பக்கம் போய் நின்னு கேட்டு பாருங்க.

மியூசிக் சைடுல எனக்கு தெரிஞ்சது: ராஜா ரெண்டாம் ஜார்ஜுக்கு வயலின் வேணாமாம், போர் வாத்தியம் மட்டும் போதும்னு ஆசை. ஹேண்டல் மொதல்ல இருவத்தி நாலு ஓபோ, பன்னெண்டு பசூன், ஒம்போது டிரம்பெட், ஒம்போது ஹார்ன், கூட டிம்பனின்னு எழுதினார், அப்பறமா ஸ்ட்ரிங்ஸும் சேத்துட்டார். அன்னிக்கு வாணவேடிக்கை பந்தல் ஒரு பக்கம் தீ புடிச்சு எரிஞ்சுது, அது தனி கூத்து.

அவரோட வாட்டர் மியூசிக்கும் சொல்லிடறேன், 1717 ஜூலை 17, தேம்ஸ் ஆத்துல ராஜா முதலாம் ஜார்ஜ் ஒரு படகுல, அம்பது பேரு வாக்குல வாசிக்கறவங்க இன்னொரு படகுல. ராஜாவுக்கு புடிச்சு போயி மொத்தத்தையும் மூணு தடவ வாசிக்க வெச்சார்னு அப்பவே எழுதி வெச்சிருக்காங்க.

பாண்டி ஆளுங்களுக்கு பிரெஞ்சு அரண்மனை கம்போசர் லூலி வேணும்னா, 14ஆம் லூயி அரண்மனைல இருவத்தி நாலு வயலின் குழு இருந்த காலம், பிரெஞ்சு கம்பெனி ஆளு பிரான்சுவா மர்த்தேன் பாண்டில கடை போட்டதும் அதே ராஜா காலத்துலதான். லூலி தாளம் போடறதுக்கு பெரிய தடிய தரைல தட்டுவார், 1687ல அது கால் மேல பட்டு புண்ணு அழுகி அதுலயே போய் சேந்தார். வயலின் சார் சொன்ன கண்டக்டர் இல்லாத காலத்துல இவரு ஒரு விதிவிலக்கு போல.

கெடிலக்கரை:

அடேங்கப்பா. ஃபயர்வொர்க்ஸ் விஷயம் படிச்சிட்டு கொஞ்ச நேரம் அப்பிடியே உக்காந்துட்டேன், நான் கிரிக்கெட் ஆடின எடம்ங்க அது. சின்ஃபோனியாவும் ப்ரெலூடியோவும் அடுத்தடுத்து கேட்டாச்சு, பழைய ரெக்கார்டு அண்ணனுக்கு கோயில் கட்டணும்.

ரெண்டு டவுட். வயலின் சார் சொன்ன ஸ ப த க ம ஸ ம ப இடது கைல போட்டு பாத்தேன், ஒரு ரெக்கார்டிங்கோட ஜோரா சேருது, இன்னொன்னோட சேரவே மாட்டேங்குது, சரியா அரை கட்டை கம்மியா இருக்கு. ஸ்பீட மாத்தி அப்லோட் பண்ணிருப்பானோ? இன்னொன்னு, ஃபோர் சீசன்ஸ்ல ஆரம்ப மெட்டு நடு நடுவுல திரும்ப வருது, ஆனா முழுசா வரல, சுருதியும் வேற மாதிரி இருக்கு. ஏன்?

முத்தியால்பேட்டை வயலின்:

ஸ்பீடு மாத்தல. இப்ப உலகம் பூரா ஏ சுரத்துக்கு 440 ஹெர்ட்ஸ். பரோக் வாத்தியத்துல வாசிக்கற குரூப் பெரும்பாலும் 415 வெச்சுக்கறாங்க, அது கரெக்டா ஒரு செமிடோன் கீழ. அந்த காலத்துல ஊருக்கு ஊரு சுருதி வேற, இது இப்ப வசதிக்காக எல்லாரும் ஒத்துகிட்ட கணக்கு. பிரெஞ்சு பீஸ்னா இன்னும் கீழ 392 கூட போவாங்க. கீபோர்டுல டிரான்ஸ்போஸ் மைனஸ் 1 போடுங்க, லூலி எடுத்தா மைனஸ் 2 தேவப்படும். அந்த ரெக்கார்டிங்ல வயலின் சத்தமும் கொஞ்சம் சொரசொரப்பா இருக்கும் கவனிச்சீங்களா, கம்பி ஆட்டுக்குடல்ல முறுக்கினது, வில்லும் வேற வளைவு, இழுத்ததும் சத்தம் தானா தேஞ்சு போகும். எனக்கு அதுதான் புடிக்கும், பசங்களுக்கு போட்டு காட்டினா வயலின் ஒடஞ்சு போச்சா சார்ங்கறாங்க.

ரெண்டாவது டவுட், அதுக்கு பேரு ரிட்டோர்னெல்லோ. பல்லவி மாதிரின்னு வெச்சுக்கோங்க, மொத்த குரூப்பும் பல்லவிய வாசிக்கும், சோலோ வயலின் எங்கயாவது சுத்திட்டு வரும், திரும்ப பல்லவி. ஒரு வித்தியாசம், நம்ம பல்லவி ஆதார சுருதிய விட்டு நகராது, இவங்க பல்லவியவே வேற கீக்கு தூக்கிட்டு போய் அங்கேந்து வாசிப்பாங்க, பாதி மட்டும் வாசிப்பாங்க, கடைசிலதான் சொந்த ஊருக்கு வருவாங்க. ஸ்ப்ரிங் முதல் மூவ்மென்ட்ல பல்லவிக்கு நடுவுல பறவை, ஓடை, இடி மின்னல், திரும்ப பறவைன்னு வரிசையா வரும். 1725ல அச்சான புக்குலயே ஒவ்வொரு எடத்துக்கும் கவிதை வரி போட்டிருக்கு, அதனால இது என் கற்பனை இல்ல. ரெண்டாவது மூவ்மென்ட்ல சோலோ வயலின் தூங்கற ஆட்டுக்காரர், மத்த வயலின் எல்லாம் எல சலசலப்பு, வயோலா மட்டும் ரெண்டு ரெண்டு சுரமா வறட்டு வறட்டுன்னு இழுக்கும், அது அவரோட நாய் கொரைக்கறது. ஹெட்போன்லதான் நாய் ஒழுங்கா கேக்கும்.

பழைய_ரெக்கார்டு:

கோயில் வேணாம் ப்ரோ, ஒரு காபி போதும். வீடியோவோட பாக்கணும்னா நெதர்லாண்ட்ஸ் பாக் சொசைட்டி ஆல் ஆஃப் பாக்னு யூடியூப்ல ஃப்ரீயா போட்டுட்டு வர்றாங்க, யார் யார பாத்து தலையாட்டறாங்கன்னு கிட்டேந்து தெரியும். விவால்டிக்கு இல் ஜார்டினோ ஆர்மோனிகோ, மிலான் குரூப், புயல் வர்ற எடத்துல வாத்தியத்த ஒடச்சிடுவாங்களோன்னு இருக்கும். சர்ச் பண்ணும்போது பீரியட் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்னு சேத்து போட்டுக்கோங்க.

கெடிலக்கரை:

மைனஸ் 1 போட்டேன், சேந்துடுச்சு. நாயும் கேட்டுடுச்சு, இனிமே அத கேக்காம இருக்க முடியாது போல. கடைசியா ஒன்னு, பிராண்டன்பர்க் மூணாவதுல முதல் மூவ்மென்ட் முடிஞ்சு ரெண்டே ரெண்டு கார்டு, உடனே அடுத்த வேகமான மூவ்மென்ட் வந்துடுது. நடுவுல ஸ்லோ மூவ்மென்ட் இருக்கணுமே, வீடியோல கட் ஆயிடுச்சா?

பழைய_ரெக்கார்டு:

கட் ஆகல. பாக் எழுதினதே அந்த ரெண்டு கார்டுதான், அடாஜியோன்னு (மெதுவாங்கற குறிப்பு) போட்டு ஒரே ஒரு பார். அங்க யாராவது கொஞ்சம் கற்பனையா வாசிச்சுக்கட்டும்னு விட்டிருக்கலாம். சில குரூப் வயலின்ல நீட்டுவாங்க, சில பேரு ஹார்ப்சிகார்ட்ல, சில பேரு பாக்கோட வேற பீஸ்லேந்து ஒரு ஸ்லோ மூவ்மென்ட்ட எடுத்து சொருகிடுவாங்க. நாலஞ்சு ரெக்கார்டிங் எடுத்து அந்த எடத்த மட்டும் ஓட்டி பாருங்க, பாகூர் திருப்பம் வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்.